பெருமாள் போகும் பாதை, நாமும் நடக்கலாம்

பொங்கலன்று இரவு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் ஊரைவிட்டுப் புறப்படுவார். முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் என்று விடிய விடியப் பயணம். வழியெல்லாம் மண்டகப்படி. மறுநாள் மாட்டுப்பொங்கலன்று பழையசீவரம் மலையேறி இளைப்பாறுவார். பிறகு பாலாற்றைத் தாண்டித் திருமுக்கூடல் சேருவார். அங்கே அவரோடு அப்பன் வேங்கடேசப் பெருமாள், பழையசீவரம் நரசிம்மர், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர், சாலவாக்கம் சீனிவாசர் என ஐந்து பெருமாள்களும் ஒருசேரக் காட்சி தருவார்கள். பார்வேட்டை உற்சவம் என்று இதற்குப் பெயர்.

நான் சாலவாக்கம் பக்கத்துக்காரி. எங்கள் பெருமாள் கிளம்பினால் பின்னாலேயே எங்கள் தெருவும் கிளம்பிவிடும். அந்த நாளில் நடந்து பழகிய கால், மற்ற மாதங்களிலும் இந்தப் பாதையைத் தேடுகிறது. ஸ்பெயினில் சந்தியாகோ கோயிலுக்கு 800 கிலோமீட்டர் போல நடக்கிறார்கள். வழிநெடுக யாத்திரிகர் விடுதிகள் இருப்பதால் உலகமே அங்கே போகிறது. காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் வரை நமக்கும் அப்படி ஒரு பாதை இருக்கிறது. நிதானமாக நடந்தால் மூன்று நாள்.

முதல் நாள் காஞ்சிபுரத்திலேயே வயிற்றைக் கவனித்துவிடுங்கள். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கும் கோயில் இட்லி நடைக்காரருக்கு ஏற்றது. உச்சி வரை பசிக்காது. பழையசீவரம் 20 கிலோமீட்டர் போல இருக்கும். கால் சோர்ந்தால் வாலாஜாபாத்தில் நிறுத்திவிடலாம், அங்கே ரயில் நிலையம் உண்டு. பழையசீவரத்திலும் உண்டு. செங்கல்பட்டு அரக்கோணம் தடத்து ரயிலில் காஞ்சிக்குத் திரும்பி, அங்கே விடுதியில் படுத்துவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருவதுதான் இப்போதைக்குப் பெண்களுக்கு நான் சொல்லும் வழி.

மலைமேல் நின்றால் கீழே பாலாறு. செய்யாறும் வேகவதியும் அதில் வந்து கலக்கும் இடம் இதுதான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல் கோயில்.

அந்தக் கோயில் சுவரின் முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். வீரராஜேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. கோயிலோடு ஒரு பள்ளி, மாணவர் விடுதி, வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை (மருத்துவமனை) எல்லாம் இயங்கியதைச் சொல்கிறது. ஆதுலர் சாலையில் 15 படுக்கை. ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உண்டு. விடுதிப் பிள்ளைகள் படுக்கப் பாய், சனிக்கிழமை தலைக்குத் தேய்க்க எண்ணெய், இரவில் எரிய விளக்கு, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒதுக்கீடு. வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவருக்கு என்னென்ன தேவைப்படும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

திருமுக்கூடலிலிருந்து சாலவாக்கம் போகும் தூரம்தான் இந்த நடையில் கஷ்டமான பகுதி. இந்தப் பக்கம் கல்குவாரிகள் அதிகம். டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடும், புழுதி கண்ணை மறைக்கும். விடிவதற்கு முன்னால் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் கடந்துவிட வேண்டும். சாலையோரம் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் கிடைத்தால் விடாதீர்கள். உற்சவ நாளில் மட்டும் கவலையே இல்லை. புளியோதரை, சுண்டல், மோர் என்று வாசலுக்கு வாசல் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். "நடந்து வர்றவங்களை வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதும்மா" என்பார் என் அத்தை. மோர்ப்பானையை இறக்கி வைக்கவே மாட்டார்.

சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் வரை ஏரிகளும் வயலும்தான். உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர். கடைவீதியில் சாப்பிட்டுவிட்டு முதலில் சுந்தரவரதர் கோயிலுக்குப் போங்கள். ஒரே விமானத்தில் மூன்று தளங்கள். படியேறிப் போய் நின்ற, அமர்ந்த, கிடந்த கோலங்களைச் சேவிக்கலாம். அடுத்தது வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பகுதிகளிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஏரி வாரியம் என்றே தனியாக ஒன்று இருந்தது. இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் வேடந்தாங்கல் வரை போகலாம். பறவைகள் கூடும் மார்கழி, தை மாதங்களே நடைக்கும் நல்ல காலம்.

இத்தனை இருந்தும் இடையில் இரவு தங்க வசதியில்லை. பெருமாள் இளைப்பாறும் மண்டபங்கள் ஆண்டில் ஒரு நாள் தவிர வெறுமையாகத்தான் கிடக்கின்றன. அறநிலையத் துறையும் ஊராட்சிகளும் சேர்ந்து மண்டபங்களுக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை, ஒரு குடிநீர்க் குழாய், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை கட்டிக் கொடுத்தால் போதும். அறைச் சாவியையும் சமையலையும் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஒப்படைக்கலாம், அவர்களுக்கும் வருமானம். மாட்டுப்பொங்கல் முடிந்த பத்தாம் நாள், ஜனவரி 26 அன்று கிராமசபை கூடும். எங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்கப்போகிறேன். பாதையில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களும் அதே நாளில் கேட்க வேண்டும்.