உங்களுக்குத் தெரியுமா? தகட்டில் இடம் கேட்பவர்கள்

சுனாமிக்குப் பின்னால் வந்த இரண்டு மூன்று வருஷம், மட்டக்களப்பு மாவட்டத்து மாங்கேணி வீதிக்கரையில் நின்ற பிள்ளைகளுக்கு நம்பர் பிளேட் வாசிக்கத் தேவையே இருக்கவில்லை. வாகரைப் பக்கம் ஓடும் வெள்ளை லேண்ட் குரூசரின் கதவைப் பார்த்தே எந்த என்ஜிஓ என்று சொல்லிவிடுவார்கள். கதவில் சின்னம், கண்ணாடியில் துவக்கின் மேல் சிவப்புக் கோடு இழுத்த ஸ்டிக்கர், முன்னால் ஆடும் நீள ஏரியல். தகட்டில் மட்டும் ஒரு அடையாளமும் இல்லை. உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தின் பிக்கப்புக்கும் பக்கத்து வீட்டுக் காருக்கும் ஒரே தகடுதான்: முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள், கறுப்பு எழுத்து. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முறையாகப் பதிந்த நிறுவனமானாலும் அந்தப் பதிவு தகட்டில் ஏறாது.

அமெரிக்காவில் ஏறும். அங்கே பல மாநிலங்களில் ஒரு தொண்டு அமைப்பு தன் படத்தையும் பெயரையும் அரசாங்கத் தகட்டிலேயே போடுவித்துக்கொள்ளலாம். ஆனால் சும்மா இல்லை. புளோரிடாவில் முதலில் சட்டசபை சம்மதிக்க வேண்டும். பிறகு 24 மாதத்துக்குள் 3,000 பேரிடம் முன்பணம் வாங்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தகடு அச்சாகாது. அச்சாகி வீதிக்கு வந்த பிறகும் நிம்மதி கிடையாது. தொடர்ந்து 12 மாதம் 3,000க்குக் குறைவான வாகனங்களே மாட்டியிருந்தால் அந்த வகை நிறுத்தப்படும். போதாததற்கு, மொத்தமே 150 வகைதான் என்று 2020இல் எல்லையும் போட்டுவிட்டார்கள்.

பெரும்பாலான விசேட தகடுகளுக்கு வருஷம் 25 டொலர் கூடக் கட்ட வேண்டும். அந்தக் காசு அமைப்புக்குப் போகும். போனாலும் அலுவலக வாடகை, மேசை கதிரை என்று இஷ்டத்துக்கு எடுக்க ஏலாது. எதற்கென்று சட்டத்தில் எழுதியிருக்கிறதோ அதற்குத்தான். கணக்கும் வருஷா வருஷம் காட்ட வேண்டும். திட்டம் முடிந்து பெயர்ப்பலகை மட்டும் துருப்பிடித்து நிற்பதை எத்தனையோ இடத்தில் கண்ட எனக்கு, எல்லாவற்றிலும் இந்த விதிதான் பிடித்தது.

புளோரிடாவின் முதல் விசேட தகடு ஒரு இழவில் பிறந்தது. 1986 ஜனவரி 28இல் சலஞ்சர் விண்ணோடம் வெடித்து 7 பேர் மாண்டார்கள். அவர்களின் நினைவுச் சின்னத்துக்குக் காசு சேர்க்க 1987இல் தகடு விற்பனைக்கு வந்தது. பின்னர் அங்கத்தைய கடற்பசுவுக்கும் ஒரு தகடு வந்தது. நம்முடைய மன்னார்க் கடல் ஆவுளியாவுக்கு அது தூரத்துச் சொந்தம்.

ஆள் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேர்ஜீனியாவில் 450 முன்பதிவு போதும், கலிபோர்னியாவில் 7,500 வேண்டும். கலிபோர்னியாவில் தொண்டு அமைப்பு நேரே போய்க் கேட்கவும் முடியாது. அரச நிறுவனம் ஒன்றுதான் கேட்கலாம்.

சரி, ஆள் சேர்ந்துவிட்டால் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டுமா? டெக்சாஸில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் வாரிசுகள் சங்கம் ஒன்று, அந்தப் பழைய கொடியோடு தகடு கேட்டது. மாநிலம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: தகட்டில் இருப்பது அரசாங்கத்தின் பேச்சு, அதில் எதைச் சொல்வது என்பதை அரசாங்கமே தீர்மானிக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத் தகட்டில், சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப் போ என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த ஜோர்ஜ் மேனார்ட், தன் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று அதை டேப் ஒட்டி மறைத்தார். அதற்காக 15 நாள் மறியலில் இருந்தார். 1977இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அரசாங்கம் தன் தகட்டில் பேசலாம். அந்தப் பேச்சைச் சுமந்து திரியும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

தகட்டுக்காக மறியலுக்குப் போனது அமெரிக்கர் மட்டுமா என்ன. இலங்கையில் 1957இல் வாகனத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. தமிழரசுக் கட்சி அதற்கு எதிராக இறங்கியது. 1958இல் வடக்கு கிழக்கில் சிங்கள எழுத்தைத் தாரால் அழித்துத் தமிழில் ‘ஸ்ரீ’ எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மேல் தார் விழுந்தது. கட்சியை நிறுவிய செல்வநாயகமும் சிறைக்குப் போய் வந்தார். இத்தனைக்கும் இரண்டும் ஒரே சொல், ஒரே ஒலி. எந்த எழுத்தில் என்பதுதான் சண்டை. 2000இல் ஆங்கில எழுத்துத் தகடுகள் வந்தன. பழைய ‘ஸ்ரீ’ வாகனம் எங்காவது இன்னும் இருமிக்கொண்டு ஓடும்.

சென்னையில் இதுவே ஸ்டிக்கர் பிரச்சினை. ஊடகம், போலீஸ், வக்கீல் என்று நம்பர் பிளேட்டில் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் மீது 2024 மே 2 முதல் நடவடிக்கை என்று போக்குவரத்துப் போலீஸ் அறிவித்தது. நம் ஊரில் வைத்தியர்களின் காரில் சிவப்புச் சிலுவை ஒட்டுவது பழைய பழக்கம். அது வைத்தியத் தொழிலின் அடையாளமே அல்ல என்பது பலருக்குத் தெரியாது. போர்க்காலத்தில் மருத்துவப் பணியைக் காக்கும் சின்னம் அது. இலங்கையிலும் 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் அதற்குக் காவல் இருக்கிறது.

2000 தொடக்கம் நம் தகட்டில் இருந்த மாகாண எழுத்தும் 2023இல் கைவிடப்பட்டது. கிழக்குக்கு ஈ.பி என்று இருந்ததே, அதுதான். ஊரைச் சொல்லும் இலக்கம் பார்க்க வேண்டுமென்றால் இனி மாங்கேணிக் கடற்கரைக்குத்தான் வர வேண்டும். கரையில் இழுத்துப் போட்டிருக்கும் பைபர் போட்டின் இலக்கம் ஓ.எப்.ஆர்.பி என்று தொடங்கி பீ.சீ.ஓ என்று முடியும். வெளியில் எஞ்சின் பூட்டிய பைபர் போட், மட்டக்களப்பு மாவட்டம் என்று அர்த்தம். இலக்கம் கடற்றொழில் திணைக்களம் கொடுப்பது. பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் அந்தோனியாரும் முருகனும் கடைசி மகளின் பெயரும் போட்காரர் தானாக எழுதுவித்தவை. அதற்கு 3,000 பேரின் முன்பணம் தேவைப்படவில்லை.