போர்வை போர்த்த பூச்சி

பழனி மலைக்குப் பொதினி என்பது பழைய பெயர். அந்நாட்டை ஆண்ட பேகன், மயிலொன்று குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை ஈந்தான் என்பது தமிழுலகம் நன்கறிந்த செய்தி. யாரும் ஈயாமலே தனக்குத் தானே போர்வை அமைத்துக்கொள்ளும் சிற்றுயிர் ஒன்றும் அம்மலைத் தொடருக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தது. வாட்டில் மரக்கிளைகளில் வெண்பஞ்சு ஒட்டியதுபோலத் தோன்றும் அதனை, உயிருள்ள பூச்சியென்று காண்போர் எளிதில் எண்ணார். அதன் பெயர் பஞ்சுச் செதிற்பூச்சி என்பதாகும்.

செதிற்பூச்சிகள் பெருங்கூட்டத்தின. ஊசி போன்ற வாயுறுப்பைச் செடியினுள் செலுத்திச் சாற்றை உறிஞ்சுதல் அவை அனைத்திற்கும் பொது. அவற்றைக் குடும்பங்களாகப் பிரித்தறிய அவற்றின் போர்வையும் ஓர் அடையாளமாகும். கவசச் செதிற்பூச்சி தான் கழற்றிய தோலோடு மெழுகையும் சேர்த்து உடலின்மேல் கேடயம் ஒன்று அமைக்கும். பெண்பூச்சி ஓரிடத்தில் ஊன்றியபின் கால்களை இழந்து, அக்கேடயத்தின் அடியிலேயே வாழ்ந்து மடியும். மென்செதிற்பூச்சிக்கு அத்தகைய தனிக் கேடயம் இல்லை. காப்பிச் செடியைப் பற்றும் பச்சைச் செதிற்பூச்சி இவ்வகையினது. மக்களுக்கு அரக்கு அளிக்கும் பூச்சியும் இக்கூட்டத்தைச் சார்ந்ததே.

பஞ்சுச் செதிற்பூச்சியோ இவற்றினின்றும் வேறானது. முதிர்ந்த பின்னும் அதற்குக் கால்கள் உண்டு. அது தன் உடலின் பின்புறத்தே வரிவரியாக அமைந்த வெண்மெழுகுப் பையொன்றை ஆக்கி, அதனுள் நூற்றுக்கணக்கான செந்நிற முட்டைகளை இடும். ஆண்பூச்சிகள் மிக அரியன. ஆயினும், பெண்ணுருவிலுள்ள பூச்சி ஆண் தன்மையையும் தன்னுள் கொண்டிருத்தலால், தனித்த ஒன்றே இனத்தைப் பெருக்கவல்லது. அது கழிக்கும் இனிப்பு நீரை நாடி எறும்புகள் வரும். அந்நீர் படிந்த இலைகளில் கரும்பூசணம் படர்ந்து கதிரொளியை மறைக்கும். மெழுகுப் போர்வை இருத்தலால், தெளிக்கும் மருந்து முட்டைகளை எளிதில் எட்டுவதில்லை.

இப்பூச்சி 1868-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிற் புகுந்து, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களைப் பாழாக்கியது. மருந்துகள் பயன்படவில்லை. நியூசிலாந்து அறிஞர் மாஸ்கெல் இதனை ஆராய்ந்து, 'ஐசீரியா பர்ச்சேசி' என முன்னரே பெயரிட்டிருந்தார். இதன் தாயகம் ஆஸ்திரேலியா என்பது புலனாயிற்று. தாயகத்தில் இது பெருந்தீங்கு விளைக்காமைக்குக் காரணம், அங்கே இதனை உண்ணும் பகையுயிர்கள் இருத்தலே என்று ரைலி என்னும் அறிஞர் கருதினார். 1888-இல் ஆஸ்திரேலியா சென்ற கோபெல் என்பார், 'ரொடோலியா' என்னும் சிறு செந்நிறப் பொறிவண்டைக் கண்டு அனுப்பினார். முதலில் வந்து சேர்ந்தவை 129 வண்டுகளே. கூடாரமிட்டு மூடிய ஆரஞ்சு மரத்தில் விடப்பட்ட அவை, பூச்சிகளையும் முட்டைகளையும் உண்டு பல்கின. 1890-க்குள் தோட்டங்கள் பிழைத்தன.

தமிழ்நாட்டு மலைகளிலும் இவ்வரலாறு தொடர்ந்தது. தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்ட வாட்டில் மரங்கள் நீலகிரியிலும் பழனி மலையிலும் வளர்க்கப்பட்டன. 1928-இல் நீலகிரி வாட்டில் மரங்களில் பஞ்சுச் செதிற்பூச்சி பெருந்தொல்லையாயிற்று. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே பொறிவண்டு அயல்நாட்டினின்றும் வருவிக்கப்பட்டு அங்கு விடப்பட்டது. பின்னர்ப் பழனி மலைத்தொடரிலும் இதே வழி மேற்கொள்ளப்பட்டது.

காக்கும் உயிரைப் பேணாவிடின் பெற்ற பயன் நிலையாது. 1940-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் வேறு பூச்சிகளைக் கொல்ல டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டபோது பொறிவண்டுகள் மடிந்தன. அடங்கியிருந்த செதிற்பூச்சி மீண்டும் தலைதூக்கியது.

ஓர் உயிரின் பெயரும் குடும்பமும் தாயகமும் அறிதல் வெறும் ஏட்டறிவு அன்று. அவ்வறிவே பகைக்கு மாற்றைக் காட்டியது. இலையின்மேல் சிறு செவ்வண்டைக் காணும் மாணவர், அதனை நசுக்குமுன் அது யாது என வினவுவாராக. ஒரு தோட்டத்தையே காக்கும் காவலனாகவும் அது இருத்தல் கூடும் அன்றோ?