எத்தனின் வசீகரம்

நாஞ்சில் நாட்டு மாந்தர் – 9

அறவோனை வணங்கவும் அறம் பிறழ்ந்தவனை ஒதுக்கவும் பழகிய ஒரு சமூகம், வாய்ச்சாலமும் துணிச்சலும் கொண்ட எத்தன் கதைக்குள் நுழைந்ததும் முகம் மலர்ந்து நிமிர்ந்து உட்கார்வது ஏன் என்ற கேள்விக்கு, கன்னியாகுமரி மாவட்டத்தின் கலையும் இலக்கியமும் விடை வைத்திருக்கின்றன.

ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வரைந்து வெட்டி, வண்ணம் தீட்டிய பாவைகளை விளக்கொளி படும் வெள்ளைத்திரையின் பின்னே ஆட்டி இராமகதை நிகழ்த்தும் தோல்பாவைக்கூத்தை, மராத்தியை வீட்டுமொழியாகக் கொண்ட கணிகர் சமூகத்தார் இம்மாவட்டத்தில் வழிவழியாக நடத்திவந்துள்ளனர். காவிய மாந்தர் பாட்டிலும் நெடுவசனத்திலும் பேசிக்கொண்டிருக்க, இடையே புகும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஊர்ப்பேச்சில் வாயடித்து, பெரியவர் சிறியவர் பாராமல் எல்லோரையும் சீண்டுகிறார்கள். பாவைகள் அனைத்துக்கும் ஒரே கலைஞரே குரல் கொடுப்பதால், இராமனின் நிதானமும் உளுவத்தலையனின் துடுக்கும் ஒரே தொண்டையிலிருந்து பிறக்கின்றன. ஒழுங்கும் குறும்பும் ஒரே மனத்தில் குடியிருப்பதை இக்கலை இவ்வாறு கண்முன் காட்டிவிடுகிறது. அதிகாரத்தின் முன் சொல்லத் துணியாததை எத்தன் சொல்லிவிடுவதால், பார்ப்போர் அவனுக்கு உடந்தையாகிறார்கள்; அந்த உடந்தையுணர்வே அவனது வசீகரத்தின் வேர்.

நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர ராமசாமி 1966-இல் நூலாக வெளியிட்ட ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவலின் தாமோதர ஆசானிடம் இதே வசீகரம் முதுமைக் கோலத்தில் வெளிப்படுகிறது. மரத்தின் பழங்கதையைத் தம்மைச் சூழ்ந்த இளைஞர்களுக்கு அவர் விரித்துரைக்கும்போது, கேட்போர் மெய்யையும் கற்பனையையும் பிரித்தறிய முயல்வதை விட்டுவிட்டு அவர் சொல்லாற்றலுக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கிறார்கள். அவர் தரும் கதையின் பெருமதிப்பு, அவரது மிகைப்பேச்சை மன்னிக்கச் செய்கிறது.

மெய்வாழ்விலிருந்து கதைக்குள் சென்ற எத்தனும் உண்டு. 1956 வரை இம்மாவட்டம் எந்த நிலத்தோடு இணைந்திருந்ததோ அந்தத் திருவிதாங்கூரில், 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருடன் காயங்குளம் கொச்சுண்ணியை, செல்வரிடம் கவர்ந்து வறியோருக்கு வழங்கியவன் என்று மக்கள் போற்றினர். மலையாள எழுத்தாளர் கொட்டாரத்தில் சங்குண்ணி தம் ‘ஐதீகமாலை’ கதைத்தொகுப்பில் அவன் கதைக்கும் இடமளித்தார்.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால், மக்கள் எத்தனுக்கு விதிக்கும் நிபந்தனைகள் புலப்படும். அவன் தன்னைவிட வலியவனைச் சீண்ட வேண்டும், எடுப்பதைக் காட்டிலும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அகப்பட்டால் விலையைத் தானே செலுத்த வேண்டும். கூலிக்காரரின் சேமிப்பைச் சிரித்துப்பேசிச் சுருட்டுபவனிடமும், அன்பை நம்பிய பெண்ணைக் கைவிடுபவனிடமும் அதே சிரிப்பும் அதே பேச்சும் இருந்தாலும், இந்நிபந்தனைகளில் ஒன்றுகூட அவர்களிடம் நிறைவேறுவதில்லை. ஆகவே ஒருவரது பேச்சில் மயங்கும் கணத்தில், அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்டுப் பழகுவது, கதையை நேசிப்பவர்க்கும் வாழ்க்கையை நேசிப்பவர்க்கும் இன்றியமையாத கல்வியாகும்.

(தொடரும்)