காசநோய்: மருந்தும் உணவும்

மருந்தின்றி நோய் தீராது. உணவின்றி மருந்தைத் தாங்கும் வலிமை உடலுக்கு வாராது. நுரையீரலை நாள்பட அரிக்கும் காசநோயில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். அதனை உலகிற்கு விளக்கிய ஆய்வுகள் சில நம் தமிழகத்திலேயே நிகழ்ந்தன என்பது மாணவர் அறிந்து மகிழத்தக்கதாகும்.

தூய காற்றும் ஓய்வும் ஊட்டமிக்க உணவுமே இந்நோயைத் தீர்க்கும் என முன்னோர் கருதினர். 1956-இல் சென்னையில் தோன்றிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளருள் ஒரு சாராரை மருத்துவமனையிலும், மறு சாராரை அவரவர் இல்லத்திலும் வைத்து ஓராண்டு மருந்தளித்தது. இல்லத்திலிருந்தோர் எளிய உணவே உண்டனர். ஆயினும் மற்றவருக்கு ஏறத்தாழ நிகராகவே குணமடைந்தனர். 1959-இல் வெளியான இம்முடிவு ஏழை நாடுகளுக்கு நம்பிக்கையளித்தது.

எனினும், உணவு வேண்டா என்பது இதன் பொருளன்று. ஐசோனியசிட் என்னும் மருந்து, உடலில் பி6 உயிர்ச்சத்தின் பணியைத் தடுக்கும். ஊட்டம் குன்றியோர்க்கு இதனால் கை, கால்களில் எரிச்சலும் மரமரப்பும் உண்டாகும். நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் என்னும் சிற்றளவு பி6 கூட இத்தீங்கைத் தடுக்க உதவும் என அம்மையம் 1963-இல் காட்டியது. எனவேதான் மருத்துவர் இச்சத்து மாத்திரையையும் உடன் அளிக்கின்றனர்.

நெல் விளையும் நம் காவிரிப் படுகையில் இது கருதத்தக்கது. வெண்மையாகத் தீட்டிய அரிசியில் தவிட்டோடு பி உயிர்ச்சத்துகளும் பெரிதும் நீங்குகின்றன. புழுங்கலரிசி, கொண்டைக்கடலை, மீன், முட்டை, திருவையாற்றுப் பகுதியில் விளையும் வாழைப்பழம் ஆகியன அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் மாத்திரைக்கு மாற்றாகா.

ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாவது அஞ்சத்தக்கதன்று. கண் மஞ்சளித்தல், ஓயாத வாந்தி, பார்வை மங்குதல் ஆகியவை தோன்றின் அன்றே மருத்துவரை நாடல் வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துவோரிடம் நோய் மீளும். மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகக்கூடும்.

நோயாளரின் குடும்பத்தார்க்கு ஊட்ட உணவளித்தபோது அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு குறைந்ததை, ஜார்க்கண்டில் நிகழ்ந்து 2023-இல் வெளியான ஆய்வு உணர்த்தியது. உணவுக்கென 2018 முதல் நடுவணரசு அளித்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாயிற்று.

அண்டை வீட்டார் ஒருவர் மாத்திரையை வெறுத்து ஒதுக்கக் கண்டால், அவர் உண்டாரா என முதலில் வினவுவோம். பின்னர் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். இது கற்றவர் கடமையாகும்.