செங்குன்றம் ஏரி வான்படைத் தளம்

செங்குன்றம் ஏரி வான்படைத் தளம் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புழல் ஏரியில் இயங்கிய, பிரித்தானிய அரச வான்படையின் நீர்விமானத் தளமாகும். இராயபுரம், திருவொற்றியூர் ஆகிய பகுதிகளுக்கு மேற்கே அமைந்த இந்த ஏரி, போர் ஆவணங்களில் 'ரெட்ஹில்ஸ் லேக்' என்றே குறிக்கப்படுகிறது. புழல் என்று தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

பின்னணி

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் யப்பானியத் தாக்குதலுக்கு உள்ளாயின. சென்னையிலிருந்து மக்கள் பெருமளவில் வெளியேறினர். அவ்வாண்டு சூலையில் 240 ஆம் படைப்பிரிவு கட்டலினா விமானங்களுடன் செங்குன்றத்துக்கு வந்தது. பின்னர் 191, 628 ஆகிய படைப்பிரிவுகளும் இங்கிருந்து இயங்கின.

கட்டலினா நீரில் இறங்கி ஏறக்கூடிய இரட்டை இயந்திர ரோந்துக் குண்டுவீச்சு விமானமாகும். எட்டு அல்லது ஒன்பது பேர் கொண்ட குழு, நீர்மூழ்கிகளைத் தேடி இருபது மணி நேரம் வரை வங்காள விரிகுடாவின் மேல் பறப்பதுண்டு. எதிரி வசமிருந்த கடற்கரைகளில் ஒற்றர்களை இறக்கும் இரகசியப் பணியும் இங்கிருந்து நடந்தது. அப்பணியில் இருந்த ஒருவர் வீட்டில் எதுவும் சொல்லாமலே மறைந்திருந்தால் வியப்பதற்கில்லை.

உறவினரின் சேவையைத் தேடுதல்

முதலில் வேண்டியது சேவை எண். பெயர் மட்டும் போதாது. தமிழர் பெயர்களில் தலைப்பெழுத்தாக வரும் தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ எழுத்தர் குடும்பப் பெயராகப் பதிந்திருக்கலாம். பதக்கத்தின் விளிம்பு, ஊதியப் புத்தகம், பழைய கடித உறை ஆகியவற்றில் எண்ணைத் தேடலாம்.

படைப்பிரிவு தெரிந்தபின் அதன் நடவடிக்கைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இவை இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்னும் தொகுதியில் உள்ளன. பதிவேட்டில் இருவகைப் படிவங்கள் உண்டு. 540 ஆம் படிவம் நாட்குறிப்புப் போன்றது. 541 ஆம் படிவமோ ஒவ்வொரு பறப்புக்கும் விமான எண், குழுவினர் பெயர், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம் ஆகியவற்றைத் தரும். விமானியின் சொந்தப் பறப்புக் குறிப்பேடு வீட்டில் இருந்தால், தேதிகளை இதனுடன் ஒப்பிடலாம். தரைப்பணியாளர்கள் பெயர் இப்படிவங்களில் அநேகமாக வராது. இயந்திரத்தைப் பழுதுபார்த்தவருக்கு அவரது தனிக் கோப்பே வழி. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சகம் தன்னிடமிருந்த தனிநபர் சேவைக் கோப்புகளை 2022 முதல் கியூவுக்கு மாற்றத் தொடங்கியது.

இந்திய வான்படையில் சேர்ந்தவராயின் தேடல் தில்லியில் தொடங்க வேண்டும். அப்படை 1932 இல் தனிப் படையாக அமைக்கப்பட்டது. 1945 மார்ச்சில் 'அரச' என்னும் அடைமொழி பெற்றது. ஆகவே ஒருவரது ஆவணங்களில் இரு பெயர்கள் இருப்பது பிழையன்று. திருச்சிராப்பள்ளியில் 1942 திசம்பரில் உருவான அதன் 8 ஆம் படைப்பிரிவு, 'வெஞ்சன்சு' என்னும் இருவர் செல்லும் குண்டுவீச்சு விமானத்தைப் பர்மா முனையில் பயன்படுத்தியது.

குடும்பக் கதைகளில் கவனம் தேவை. 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் கப்பல் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைத் தாக்கியதும், 1943 அக்டோபரில் யப்பானிய விமானம் துறைமுகப் பகுதியில் குண்டு வீசியதும் ஒரே கதையாகக் கலந்துவிடக்கூடும். தாத்தா எதைப் பார்த்தார் என்பதை அவர் பிறந்த ஆண்டே சொல்லிவிடும்.

திரும்பாதவர்கள்

உடல் கிடைத்தவர்கள் பலர் நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் உள்ளனர். கடலில் விமானத்தோடு மறைந்த வான்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில், கல்லறையற்ற 24,000க்கும் மேற்பட்டோருடன் பொறிக்கப்பட்டுள்ளன. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியலில் இரண்டையும் கட்டணமின்றித் தேடலாம்.