சலவை இயந்திரக் கசிவுத் தடுப்பு

சலவை இயந்திரக் கசிவுத் தடுப்பு என்பது துணி துவைக்கும் இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றில் குழாய் வெடித்தாலோ தொட்டி நிரம்பி வழிந்தாலோ நீர்வரத்தைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு ஆகும். நிமிடத்திற்கு 10 லிட்டர் வீதம் நீர் வெளியேறினால் ஒரு மணி நேரத்தில் 600 லிட்டர் தரையில் பரவும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது கீழ்வீட்டின் கூரையையும் நனைக்கும்.

நுழைவு வால்வு

இயந்திரத்தினுள் நீரை விடுவது மின்காந்த வால்வு. கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும்போது மட்டுமே இது திறக்கும். மின்சாரம் நின்றால் ஒரு சுருள்வில் உள்ளிருக்கும் தண்டைத் தள்ளி மூடிவிடும். எனவே மின்வெட்டு நேர்ந்தால் நீர் புகுந்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. ஆனால் சுருள்வில் அடைப்பது ஒரு சிறு துளையை மட்டுமே. பெரிய வழியை இரப்பர் சவ்வு ஒன்று அடைக்கிறது. அதனை அழுத்திப் பிடிப்பது நீரின் சொந்த அழுத்தமே. பல வால்வுகளுக்கு இதற்கென 0.2 முதல் 0.5 பார் வரையாவது அழுத்தம் தேவை.

சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள கேளம்பாக்கம் போன்ற இடங்களில் இது கவனிக்கத்தக்கது. 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மொட்டைமாடித் தொட்டி 15 மாடிகளுக்கு மேல் இருந்தால் தரைத்தளத்தில் 4 பாருக்கு மேல் அழுத்தம் உண்டாகும். தொட்டிக்கு 3 மீட்டர் கீழேயுள்ள மேல்மாடிக் குழாயிலோ 0.3 பார்தான். அங்கு வால்வு சரியாக மூடாமல் போகக்கூடும். லாரி நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் வரும் மணலோ உப்புப் படிவோ சவ்வின் இடுக்கில் சிக்கினாலும் அதே விளைவுதான். இதைச் சோதிப்பது எளிது: குழாயைத் திறந்துவைத்து இயந்திரத்தை அணைத்துவிட்டால், சில மணி நேரம் கழித்தும் உருளையில் நீர் சேர்ந்திருக்கக் கூடாது.

மிதவையும் இரட்டைக் குழாயும்

தொட்டியின் நீர்மட்டத்தை அழுத்த உணரி கவனிக்கிறது. மட்டம் மீறினால் வெளியேற்றும் பம்பு ஓடும். பாத்திரம் கழுவும் இயந்திரங்கள் பலவற்றிலும் சில சலவை இயந்திரங்களிலும் அடியில் ஒரு தட்டு உண்டு. கசியும் நீர் அதில் சேர்ந்ததும் மிதவை உயர்ந்து ஒரு ஆளியை (சுவிட்ச்) அழுத்தும். நீர்வரத்து நிற்கும், பம்பு இயங்கும். அடிப்பகுதி திறந்தேயிருக்கும் இயந்திரங்களில் இதற்கு வாய்ப்பில்லை.

மேம்பட்ட வகையில் வால்வே குழாயின் முனையில் பொருத்தப்படுகிறது. நீர் செல்லும் உட்குழாயைச் சுற்றி வெளிக்குழாய் ஒன்று இருக்கும். உட்குழாய் வெடித்தால் நீர் இரண்டுக்கும் இடையே வழிந்து அடித்தட்டை அடையும். போஷ் நிறுவனத்தின் 'அக்வாஸ்டாப்' இவ்வகையைச் சேர்ந்தது. மின்சாரமே இல்லாத மற்றொரு வகையில், நனைந்தால் உப்பும் பொருள் ஒன்று அடைப்பானை விடுவிக்கிறது. ஒருமுறை செயற்பட்டபின் அக்குழாயை மாற்றியே ஆகவேண்டும்.

வரம்புகள்

உணரிகளும் பம்பும் இயங்க மின்சாரம் வேண்டும். நம் வீடுகளில் துவைத்து முடித்ததும் சுவரிலுள்ள ஆளியை அணைப்பது வழக்கம். அப்போது பழுதான வால்வு கசிந்தால் பம்பு ஓடாது. எனவே தண்ணீர்க் குழாயையும் உடன் மூடவேண்டும். வெளியேற்றுக் குழாய் இடம் நழுவிக் கொட்டும் நீரை மேற்கண்ட எந்த ஏற்பாடும் அறியாது.