ஒரே கம்பெனி, இரண்டு கணக்கு

மாதுங்காவில் ஞாயிறு காலை காபிக்குக் கூடும் ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். பி.எஃப். பணத்தில் கொஞ்சம் பங்குகள் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், ஒரு கம்பெனி வெளிநாட்டுத் தொழிற்சாலையை வாங்குகிறது. அது நல்ல முடிவா என்று எதை வைத்துச் சொல்வது?"

பாடம் நம் ஊர் பம்பாய் ஹவுஸிலேயே இருக்கிறது. டாட்டா மோட்டார்ஸ் 2008 ஜூனில் ஃபோர்டு கம்பெனியிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கியது. 2008-09இல் தாய்க் கம்பெனியின் தனிக் கணக்கில் சுமார் ரூ. 1,001 கோடி லாபம். துணைக் கம்பெனிகளையும் சேர்த்த கணக்கில் சுமார் ரூ. 2,505 கோடி நஷ்டம். ஒரே வருஷம்தான்! 'வாங்கியது தவறு' என்று பலர் பேசினார்கள். 2013-14இல் நிலைமை தலைகீழ்: தனிக் கணக்கில் சுமார் ரூ. 335 கோடி லாபம். சேர்த்த கணக்கில் சுமார் ரூ. 13,991 கோடி. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஜாகுவார் லேண்ட் ரோவர். சீனாவில் அதன் கார்கள் நன்றாக விற்றன.

டாட்டா ஸ்டீல் 2007இல் சுமார் 620 கோடி பவுண்டுக்கு வாங்கிய கோரஸின் கதை வேறு. இங்கே ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் சொந்தச் சுரங்கங்கள் உண்டு. பிரிட்டனில் தாது கப்பலில் வர வேண்டும். மின்சாரமும் விலை அதிகம். 2008 நெருக்கடியில் ஐரோப்பாவில் எஃகுத் தேவையும் சரிந்தது. 2024 செப்டம்பரில் போர்ட் டால்பட்டின் கடைசி ஊது உலையை மூடினார்கள். 2,800 பேர் வரை வேலை இழக்கலாம் என்று அவ்வருஷ ஜனவரியிலேயே அறிவிப்பு வந்திருந்தது.

அந்நாளில் தாதரில் ரயிலேறி, சென்னை சென்ட்ரலில் இறங்கி, பெட்டியோடு எழும்பூருக்கு ஓடியவர்கள் நாம். பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ் 1,000. ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. கம்பெனிக் கணக்கும் அப்படியே. நாட்டுக்கு நாடு நாணயம், வரி, கூலி, கணக்கு விதி எல்லாம் வேறு. ரூபாய் விழுந்தால், பவுண்டில் அதே லாபம் ரூபாயில் பெருத்துத் தெரியும்.

ஆகவே நண்பரிடம் மூன்று சொன்னேன். சேர்த்த கணக்கையும் பாருங்கள். மொத்த லாபத்தை விட, டன்னுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, போட்ட முதலுக்கு எத்தனை சதவீதம் வருகிறது என்று பாருங்கள். ஒரு வருஷத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்; நல்ல காலம், கெட்ட காலம் இரண்டும் வந்து போகட்டும்.

"நம் வயதில் அவ்வளவு காத்திருக்க முடியுமா?" என்றார். நியாயமான கேள்வி. அதனால்தான் பி.எஃப். பணம் முழுவதையும் ஒரே கம்பெனியில் போடக் கூடாது என்றேன்.